அம்பத்தூரில் ஓர் ஊத்யீவர்

நோர்வேயிலிருந்து புறப்பட்டபோது என் பெட்டியில் உடுப்பைவிட மாத்திரைகள் அதிகம் இருந்தன. காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, கொசுக்கடிக்கு, ஒவ்வாமைக்கு. சென்னையில் இருந்த நாட்கள் முழுவதும் அவற்றில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. எனக்கு வந்த நடுக்கம் வேறு வகை.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. பெயர் வதனி. கல்யாணமாகி நோர்வேக்குப் போய் பாதி ஆயுள் ஆகிவிட்டது. நகரசபையின் பாலர் பள்ளியில் உதவியாளர் வேலை. பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிடுவதும் மூக்குத் துடைப்பதும்தான் என் தொழில். அப்படிப்பட்டவள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் அச்சகத்துக்கு வந்து நின்றதற்குக் காரணம் ஒரு புத்தகம்.

நோர்வேயின் வடக்கு முனையில், குளிர்காலத்தில் சூரியனே எழும்பாத ஊர்களில், மீன் ஆலைகள் உண்டு. எங்கள் ஆட்கள் அந்த நாட்டுக்கு வந்த தொடக்கத்தில் பலருக்கு அங்கேதான் வேலை கிடைத்தது. ரப்பர் பூட்ஸ் போட்டு, ஐஸ் தண்ணீரில் கை விறைக்க விறைக்க மீன் வெட்டிய பெண்களை நான் இரண்டு வருடம் தேடித் தேடிப் போய்ச் சந்தித்தேன். அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்து எழுதினேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அதே கதை நோர்வேஜிய மொழியில். பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் அந்த ஏற்பாடு. நோர்வேயில் நாங்கள் இருக்கும் ஊரின் தமிழ்ச் சங்கம் புத்தகத்தை வெளியிடுவதாக ஒப்புக்கொண்டது.

அச்சகம் முதலில் அனுப்பிய மாதிரிப் படியில் எழுத்தெல்லாம் உடைந்து வந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ‘பெண்கள்’ என்ற சொல் வாசிக்கவே முடியாத ஏதோவாக இருந்தது. தொலைபேசியில் சொல்லிச் சரிவராமல், இருந்த லீவை எல்லாம் எடுத்துக்கொண்டு நானே வந்தேன்.

தங்கியது கொரட்டூரில், ஏரிக்குக் கிட்ட ஒரு வீட்டின் மாடியறையில். வீட்டுக்காரி சுகந்தி மதுரைப் பக்கத்தவர். கணவர் கணினி நிறுவனத்தில் வேலை. முதல் காலை நாலு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“காரம் ஜாஸ்தியாங்க?”

“இல்லை, நல்லாக் கிடக்கு.”

“எங்க கிடக்கு?” என்று தரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் அவரிடம் ‘நல்லா இருக்கு’ என்றே சொல்லப் பழகிக்கொண்டேன்.

மழைக்காலம். தெருவில் தண்ணீர் நின்றது. செங்கல் மேல் செங்கலாகக் கால் வைத்துத் தாண்டி ரயிலடிக்குப் போனேன். அடுத்த நிறுத்தமே பட்டரவாக்கம், அங்கே இறங்கினால் தொழிற்பேட்டை. நோர்வேயில் ரயிலில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் ஒருவரும் வந்து உட்காரமாட்டார்கள், நின்றுகொண்டே வருவார்கள். இங்கே ஒரு பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் சாப்பாட்டுப் பையை என் மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கும்போது எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் குழம்பு கொட்டிவிடுமோ என்று அந்த ஒரு நிறுத்தமும் மூச்சுவிடாமல் இருந்தேன். நான் அப்படிப்பட்டவள்.

அச்சகம் ஒரு வெல்டிங் பட்டறைக்கும் டீக்கடைக்கும் நடுவே இருந்தது. முதலாளி தனசேகர் வாசலிலேயே நின்றார்.

“வாங்க மேடம். நனைஞ்சிகினே வந்தீங்களா? ஒரு போன் அட்ச்சிருந்தா வண்டி எடுத்துகினு வந்திருப்பேன்ல.”

உள்ளே கணினியில் பக்கம் வடிவமைப்பவர் ஹேமா. முப்பது வயது இருக்கும். எழுத்து உடைந்ததற்குக் காரணத்தை அவர் அதற்குள் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மத்தியானம் தனசேகர் தக்காளிச் சாதமும் உருளைக்கிழங்கும் வரவழைத்தார். நான் ஒரு கையில் சாதமும் ஒரு கையில் பென்சிலுமாகப் பிழை தேடினேன். நூலின் விவரங்கள் வரும் பக்கத்தில் ஒரு வரியில் நின்றேன். ‘வழங்குபவர்: தமிழ்ச் சங்கம்’ என்று இருந்தது.

“இது என்ன, வழங்குபவர்?”

ஹேமா சிரித்தார். “நோர்வே பக்கத்துல ‘உட்கிவர்’னு ஒரு வார்த்தை இருந்துச்சு மேடம். தமிழ்ப் பக்கத்துல அந்த இடம் காலியா இருந்துச்சு. போன்ல போட்டுப் பார்த்தேன், வழங்குபவர்னு வந்துச்சு.”

“அது உட்கிவர் இல்லை, ஊத்யீவர்.”

இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற தனசேகர் திரும்பினார். “வழங்குபவர்னா சினிமா போஸ்டர் மாதிரி கீதே மேடம். அதுக்கு இன்னா அர்த்தம், கரீட்டா சொல்லுங்க.”

சொன்னேன். ஊத் என்றால் வெளியே. யீவர் என்றால் கொடுப்பவர். வெளியே கொடுப்பவர். அகராதியில் வெளியிடுபவர் என்றும் இருக்கும், வழங்குபவர் என்றும் இருக்கும், ஆகவே போன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் புத்தகத்தில் அந்தச் சொல் வந்தால், அதை உலகத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்த ஆள் என்று பொருள். அச்சடித்தவர் வேறு, எழுதியவர் வேறு. ‘ஏன் இதை வெளியே விட்டீர்கள்?’ என்று யாராவது கேட்டால், பதில் சொல்லவேண்டியவர் ஊத்யீவர்.

“அப்ப வெளியீட்டாளர்தான்” என்று ஹேமா திருத்தினார். சங்கத்தின் பெயர் அதன் கீழே அழகாக உட்கார்ந்தது. அன்று மாலை நான் நிம்மதியாகக் கொரட்டூர் திரும்பினேன்.

மறுநாள் காலை ரயிலில் ஏறியதும் போன் அடித்தது. சங்கத் தலைவர் பாலன் அண்ணா. நோர்வேயில் அப்போது விடியக்கூட இல்லை. அந்த நேரத்தில் நல்ல செய்தி சொல்ல யாரும் எடுக்கமாட்டார்கள்.

“வதனி, இந்திரான்ர முந்தின மனுசன் நேற்று ராத்திரி எடுத்துக் கதைச்சவர். புத்தகத்தில அவளின்ர கதை வருதாமெண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். வந்தால் கோட்டுக்குப் போவாராம்.”

“அவரின்ர பேர் அதில இல்லையே அண்ணா.”

“பேர் இல்லாட்டி என்ன, இந்திரான்ர மனுசன் ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே. இப்ப அவர் கோயில் நிர்வாகத்தில இருக்கிறார். சங்கத்துக்கு உந்தக் கரைச்சல் வேண்டாம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். ஒண்டு அந்தக் கதையை எடுங்கோ. இல்லாட்டி எங்கட பேரை எடுங்கோ.”

“அண்ணா, இப்ப போய்…”

“குறை நினைக்காதையுங்கோ, தங்கச்சி.”

இந்திரா அக்காவின் கதை இது. மீன் ஆலையில் அவர் உழைத்த சம்பளம் கணவரின் கணக்குக்குப் போனது. ஒரு நாள் ஊருக்குத் தன் தாய்க்குக் கொஞ்சம் அனுப்பவேண்டும் என்று கேட்டார். அதற்குப் பதிலாகக் கணவர் அவரைக் கதவுக்கு வெளியே தள்ளினார். பனி கொட்டிக்கொண்டிருந்த சாயங்காலம். கதவு உள்ளே பூட்டப்பட்டிருந்தது. ஆலை பூட்ஸோடு பக்கத்து வீட்டு நோர்வேக்காரி வாசலில் போய் நின்றார். பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. எட்டு வயது மகன் தகப்பனோடு நின்றுவிட்டான். அம்மா நம்மை வேண்டாமென்று விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி வளர்த்தார்கள். இப்போது அவன் வளர்ந்து வேறு நகரத்தில் இருக்கிறான். அம்மாவோடு பேச்சில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னபோது இந்திரா அக்கா ஒருமுறைகூட அழவில்லை. தேநீர் ஆறிப்போவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலன் அண்ணா போனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலேயே வைத்திருந்தேன். நிமிர்ந்தபோது ரயில் காலியாகிக்கொண்டிருந்தது. ஆவடி. பட்டரவாக்கத்தையும் அம்பத்தூரையும் எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை.

ஹேமாவுக்குப் போன் செய்து தாமதமாகும் என்றேன். “ஆவடிலயா இருக்கீங்க? என் வீடு சேக்காடுதான் மேடம், பக்கம். அம்மாவக் கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்ட்டு இப்பதான் வந்தேன், இன்னிக்கு அரை நாள் லீவு. ஆட்டோ பிடிச்சு வாங்க. ஃபைல் லேப்டாப்ல இருக்கு” என்றார்.

ஆட்டோக்காரர் நான் வழி சொன்ன விதத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “சிலோனா அக்கா? உங்க பேச்சு கேக்க சோக்கா கீது. எங்க, இன்னொரு தபா பேசு.”

நான் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் விடவில்லை. “இன்னா அக்கா, மூஞ்சி ஒரு மாரி கீது. ஊட்ல எதுனா பேஜாரா?”

“ஓம், கொஞ்சம் பிரச்சினை.”

“எல்லார் ஊட்லயும் கீது. உடு.” சொல்லிவிட்டுத் தெருமுனையில் நிறுத்திவிட்டார். முன்னால் முழங்கால் தண்ணீர். “இதுக்கு மேல போனா இஞ்சின்ல பூந்துரும். அந்தப் பச்சை கேட்டாண்ட போய்க் கேளு, சொல்வாங்க.” செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். பாலர் பள்ளியில் பிள்ளைகள் ரப்பர் பூட்ஸோடு சேற்றுக்குட்டையில் குதிப்பார்கள், நாங்கள் கைதட்டுவோம். வெறுங்காலில் நடக்கும்போது அது விளையாட்டாக இல்லை.

ஹேமாவின் அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வீடு கட்டியிருக்கிறார்கள். அம்மா ஒரு கண்ணில் கட்டோடு ரவை உப்புமா கிண்டிக் கொடுத்தார். நான் வேண்டாமென்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

ஹேமா லேப்டாப்பை மூடினார். “பூட்ஸ் கதையா? அத எடுக்கவா சொல்றாங்க?”

“ஓம்.”

“அத லே-அவுட் பண்ணும்போது படிச்சேன் மேடம். அன்னிக்கு வேற எந்த வேலையும் ஓடல எனக்கு.” லேப்டாப்பைத் திரும்பத் திறந்தார். “எடுக்கிறதுன்னா எடுத்துடலாம். அதுதான் கடைசிக் கதை, மத்தப் பக்கம் மாறாது. நீங்க சொல்லணும்.”

“கதையை வைச்சால் சங்கத்தின் பேரை எடுக்கவேணும். பிறகு அந்த வரியில் ஆரைப் போடுறது?”

“உங்க பேரப் போடுங்க.”

அதைச் செய்யத்தான் எனக்குப் பயம். நோர்வேஜிய மொழியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. ‘ஊத்யீ’ என்றால் வெளியிடு. அதோடு இரண்டு சின்னச் சொற்கள் சேர்ந்து, ஒருவர் தன்னையே ‘ஊத்யீ’ செய்தார் என்று வந்தால், இல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொண்டார் என்று அர்த்தம். டாக்டர் இல்லாதவன் டாக்டர் வேடம் போடுவது மாதிரி. மூக்குத் துடைத்துவிடும் நான் வெளியீட்டாளர் என்று போட்டுக்கொண்டால் எந்த அர்த்தத்தில் நான் ஊத்யீவர்? வழக்கு என்று வந்தால் நகரசபை வேலை என்ன ஆகும்? எனக்கு வக்கீல் யாரையும் தெரியாது. வக்கீல் வாசலில் எந்தப் பக்கம் மணி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

ஹேமா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து இந்திரா அக்காவை வேலையிடத்துத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறார், அங்கே காலைப் பொழுது. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

“அக்கா, ஒரு விசயம். அவர் வழக்குப் போடுவன் எண்டு நிக்கிறாராம்.”

தட்டுச் சத்தம் நின்றது. கதவு ஒன்று சாத்தப்பட்டது.

“பயந்து போனியோ வதனி?”

“ஓம் அக்கா.”

“நானும்தான். எனக்கு இப்பவும் அந்தாளின்ர குரல் கேட்டால் கை நடுங்கும். நீ எடுக்கிறதெண்டால் எடு. நான் கோவிக்கமாட்டன். நீ எனக்காக உன்ர குடும்பத்தை இதில மாட்டவேண்டாம்.”

“பேரை மாத்திப் போடட்டோ? ஊரையும் மாத்தி?”

“அது வேண்டாம். மாத்தினால் அது வேற ஆரோ ஒருத்தியின்ர கதை. நான் இல்லை. போட்டால் என்ர பேரோட போடு. இல்லாட்டி விடு.” பிறகு குரல் தணிந்தது. “என்ர பிள்ளை ஒரு நாளைக்கு இதை வாசிப்பான் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான். அவன் வாசிக்காமலும் விடலாம். அது வேற.”

அன்று சாயங்காலம் கொரட்டூர் அறையில் என் கணவரோடு பேசினேன். அவர் நல்ல மனிதர், சத்தம் போடமாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, “நீ செய்யிறதைச் செய். ஆனால் எனக்குப் பயமாக் கிடக்கு” என்றார். ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். ‘செய், பார்க்கலாம்’ என்று சொல்லியிருந்தால் தெம்பாக இருந்திருக்கும். இப்போது என் பயத்தோடு அவருடையதும் சேர்ந்துகொண்டது. கீழே சுகந்தி வீட்டில் டிவி ஓடியது. ஏரிப் பக்கமிருந்து தவளைகள் கத்தின. சுகந்தி கொடுத்துவிட்ட சப்பாத்தி அப்படியே விறைத்துக் கிடந்தது.

மறுநாள் தனசேகர் மற்றப் பக்கங்களை அடிக்கத் தொடங்கியிருந்தார். பெரிய தாள் ஒன்றில் பதினாறு பக்கம் விழும். அதை அவர்கள் ஃபாரம் என்கிறார்கள். முதல் ஃபாரத்தையும், இந்திரா அக்காவின் கதை வரும் கடைசி ஃபாரத்தையும் எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

“மேடம், இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. நாளைக்குக் காலண்டர் வேலை ஏறுது மெஷின்ல. அப்பால உங்க ஃபிளைட்டுக்குப் புக்கு கைக்கு வராது.”

“அந்த வரியைக் காலியாக விட்டால்?”

அவர் தலையை ஆட்டினார். “அது மட்டும் முடியாது மேடம். வெளியிட்டவங்க பேரு இல்லாம, அச்சாபீஸ் பேரு மட்டும் போட்டா, நாளைக்கு எவனா கேட்டுகினு வந்தா நான்தான் மாட்டிகினு நிப்பேன். எனக்கும் புள்ளைங்க கீது.” கோபமில்லாமல்தான் சொன்னார். அவர் பயமும் என் பயமும் ஒன்றுதான்.

டீக்கடைக்குப் போய் நின்றேன். ஒரு டீயை வாங்கி ஆற்றிக்கொண்டே இருந்தேன். வெல்டிங் பட்டறையில் பொறி பறந்தது. சங்கம் ஒதுங்கிவிட்டது, அச்சகம் ஒதுங்குகிறது, என் கணவர் என்னிடம் விட்டுவிட்டார். எல்லாரும் நல்லவர்கள், எல்லாருக்கும் காரணம் இருந்தது. அந்த ஒரு வரியைத்தான் யாரும் ஏற்கத் தயாரில்லை. கதையை எடுத்துவிட்டால் என் வாழ்க்கை லேசாகிவிடும். பாலன் அண்ணாவும் மாலை போட்டு வெளியீட்டு விழா வைப்பார். பேச அழைப்பார்கள். மண்டபத்தில் இந்திரா அக்கா வந்து உட்கார்ந்திருப்பார், கோபமில்லாமல். கோபமில்லாத அந்த முகத்தை நினைத்தபோதுதான் என்னால் முடியாது என்று தெரிந்தது. அது துணிவு இல்லை. இரண்டு பயங்களில் சின்னதை எடுத்துக்கொண்டேன்.

உள்ளே போய் ஹேமாவிடம் சொன்னேன். அவர் சங்கத்தின் பெயரை அழித்தார். தமிழ்ப் பக்கத்தில் ‘வெளியீட்டாளர்’, நோர்வேஜியப் பக்கத்தில் ‘ஊத்யீவர்’. அடியில் என் பெயர். அதன் கீழே என் மின்னஞ்சல் முகவரி.

“முகவரியும் வேணுமா மேடம்?” என்றார்.

“ஆரும் தேடினால் கண்டுபிடிக்க வேணும்தானே.” சொல்லும்போது நான் வக்கீலைத்தான் நினைத்தேன்.

முதல் ஃபாரம் இயந்திரத்தில் ஏறியது. தனசேகர் முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். மை ஈரமாக இருந்தது. என் பெயரை இவ்வளவு பெரிய தாளில் நான் பார்த்ததில்லை. எழுத்துச் சின்னதுதான், தாள்தான் பெரிது. ஏதோ தவறு செய்துவிட்டு நிற்பது மாதிரி இருந்தது. அதற்குள் இயந்திரம் வேகம் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள்கள் விழத் தொடங்கின. இனி நிறுத்தச் சொன்னாலும் பயனில்லை என்று தெரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, கதை இருக்கும், சங்கத்தின் பெயர் இருக்காது என்று பாலன் அண்ணாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

அட்டைகளுக்கு மேலே பளபளப்புத் தாள் ஒட்டக் காட்டுப்பாக்கத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோகவேண்டியிருந்தது. வழக்கமாக எடுத்துப் போகும் வண்டி மழையில் எங்கோ நின்றுவிட்டது. ஹேமாவும் நானும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். பூந்தமல்லிச் சாலையில் வண்டிகள் அசையவில்லை. பக்கவாட்டுத் திரை கிழிந்திருந்ததால் சாரல் அடித்தது. கட்டுகளின் மேல் குனிந்து, முதுகில் மழையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஹேமா தன் துப்பட்டாவையும் மேலே போர்த்தினார். பேருந்திலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்து, “இன்னாமா, உள்ள கொயந்தையா?” என்று கேட்டார். ஹேமா “ஆமாண்ணா” என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பட்டறையில் அட்டைகளை இறக்கியபோது ஓரம்கூட நனைந்திருக்கவில்லை. அப்போதுதான் போன் அடித்தது. நோர்வே எண், தெரியாத எண். எடுக்கும் முன்பே யாரென்று தெரிந்துவிட்டது.

“வதனியோ கதைக்கிறது?”

மெதுவான, மரியாதையான குரல். நான் ஒரு கத்தலை எதிர்பார்த்திருந்தேன். கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

“ஓம்.”

“பாலன் சொன்னவர், சங்கம் விலகிட்டுதாம். அப்ப இந்தப் புத்தகத்துக்கு இனி ஆர் பொறுப்பு?”

இயந்திரத்தின் சூட்டு வாடை மூக்கில் ஏறியது. ஹேமா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“நான்தான் ஊத்யீவர்” என்றேன்.

“நீங்கள் சின்னப்பிள்ளையள் பாக்கிற இடத்தில வேலை செய்யிற ஆள்தானே. உங்களுக்கேன் இந்த வேலை?”

“ஓம், அங்கதான் வேலை. இதையும் நான்தான் வெளியிடுறன்.”

“அவள் சொன்னதெல்லாம் உண்மையெண்டு நீங்கள் கண்டனிங்களோ?”

“பக்கத்து வீட்டு மனுசியோடயும் கதைச்சனான். கதவைத் திறந்துவிட்டது அவாதானே.”

“அச்சடிச்சாச்சோ?” என்றார்.

“அடிச்சாச்சு.”

போன் வைக்கப்பட்டது. போனைப் பைக்குள் வைக்கப் போய் இரண்டு முறை கீழே விட்டேன். பட்டறைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “குந்துங்கக்கா, தண்ணி குடிங்க” என்றார். ஹேமா என் பையை வாங்கி வைத்துக்கொண்டார். அட்டை ஒன்றொன்றாகப் பளபளத்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புத்தகங்கள் நோர்வேக்கு வந்து சேர்ந்தன. சங்க மண்டபம் கிடைக்கவில்லை. நூலகத்தின் ஒரு மூலையில் மேசை போட்டு, தேநீரும் வடையும் வைத்து வெளியிட்டோம். சங்கத்து ஆட்கள் சிலர் வந்தார்கள். பாலன் அண்ணாவும் வந்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, என் கண்ணைப் பார்க்காமல் போனார். அடுத்த வாரங்களில் தபால்பெட்டி மூடி ஒவ்வொரு முறை தட்டும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. மின்னஞ்சலைத் திறக்கும்போதும் அப்படியே. வக்கீலிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இனியும் வரலாம்.

வசந்தம் தொடங்கியபோது, தெரியாத ஒரு பெயரிலிருந்து நோர்வேஜிய மொழியில் சில வரிகள் வந்தன. கடைசிப் பெயர் அந்தாளின் பெயர். திறக்காமல் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்து திறந்தேன்.

‘நீங்கள்தான் இதன் ஊத்யீவரா? புத்தகத்தில் உங்கள் முகவரி மட்டும்தான் இருந்தது. எனக்குத் தமிழ் வாசிக்க வராது, வலப்பக்கம் மட்டும் வாசித்தேன். அன்றைக்கு நான் உள்ளே அறையில் இருந்தேன். வெளியே தட்டும் சத்தம் கேட்டது. யார் தட்டுகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.’

கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று இந்திரா அக்காவை அழைத்தேன். அந்த வரிகளை நோர்வேஜிய மொழியிலேயே வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“வதனி” என்றார் பிறகு. “நான் வேலைக்குப் போனால் போனைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டவேணும். அவன் எந்த நேரம் எடுப்பான் எண்டு கேட்டுச் சொல்லு. நான் லீவு சொல்லிப்போட்டு நிக்கிறன்.”